மணல் சுவர், பால் சுவர், கண்ணாடிச் சுவர்

ஐப்பசி மழை நின்ற மூன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, சிப்பிக்குடிக்காட்டின் நூற்றுப் பதினாலு வீடுகளுக்கும் பின்பக்கம் வீட்டுக்கு ஒன்றாக அறை முளைத்திருந்தது. ஓட்டு வீடு, மெத்தை வீடு, காலனி வீடு என்ற பேதமெல்லாம் பார்க்காமல், ஒவ்வொன்றும் அந்தந்த வீட்டின் கடைசி அறையைவிட ஒரு சாண் பெரிசாக, மூலையே இல்லாமல் உருண்டையாக, ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரே ஒரு துளையோடு, நேற்றுவரை கோழி மேய்ந்த கொல்லையில் ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தது. எப்படி வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் முளைத்தது நம் வீட்டில் முளைத்ததைவிடப் பெரிசா என்றுதான் கேட்டார்கள்.

தாம்புக்கயிறு போட்டு அளந்தார்கள். வி.ஏ.ஓ. வந்து டேப் பிடித்துப் பார்த்து, வரைபடத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லை என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். புதன்கிழமை அறைக்குள் பல்பு தொங்கியது, வியாழக்கிழமை சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் உள்ளே போயின, வெள்ளிக்கிழமை ஒரு ஆடு அங்கேயே குட்டி போட்டது, அத்தோடு அந்த அறை அந்த வீட்டில் எப்போதும் இருந்த அறை மாதிரி ஆகிவிட்டது. யாருக்காக முளைத்தது என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை. மாமியார்கள் மருமகள்களைப் பார்த்தார்கள், இது தனிக்குடித்தனம் போவதற்கு இவள் வேண்டிக்கொண்டதாக இருக்குமோ என்று. மருமகள்கள் புருஷன்களைப் பார்த்தார்கள், இவன் யாரைக் கொண்டுவந்து வைக்க இந்த அறை என்று. புருஷன்கள் யாரையும் பார்க்காமல் வெங்காய மூட்டையை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு மேல், சுவர்கள் ஒரே மாதிரி இல்லை. சில வீட்டில் சுவர் மணலை அள்ளிப் பசை போட்டு ஒட்டியது போல் சொரசொரவென்று இருந்தது. சில வீட்டில் பால் போல வெளுத்து, பீங்கான் கிண்ணம் மாதிரி வழவழவென்று இருந்தது. மற்ற வீடுகளில் கண்ணாடி. உள்ளே எரியும் பல்பு வெளியே தெரிந்தது, அருகில் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க ஊசி குத்திய துளைகள் தெரிந்தன. ஒரே இரவில் முளைத்த அறைகளுக்கு மூன்று விதமாகச் சுவர் வந்தால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. விஷயத்தைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் தவமணிதான் என்று பஞ்சாயத்துத் தலைவர் கொளஞ்சியப்பன் ஆள் அனுப்பினார்.

தவமணிக்கு நாற்பத்தி நான்கு வயது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புதைபடிவ ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை. இந்தச் சீமை முழுக்க ஒரு காலத்தில் கடலாகக் கிடந்தது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், கிணறு வெட்டினால் சிப்பி வரும். தவமணியின் வேலை சிப்பிக்கும் கீழே, கண்ணுக்கே தெரியாத அளவில் இருந்தது. களிமண்ணை ஊறவைத்துக் கழுவி, சல்லடையில் வடித்து, காயவைத்து, கறுப்புத் தட்டில் பரப்பி, உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, தூரிகை நுனியைத் தண்ணீரில் தொட்டு, கடுகைவிடச் சின்னக் கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். ஃபொராமினிஃபெரா என்று ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம் சொல்வார். தவமணிக்கு அது ஓட்டுப்பூச்சி. உடம்பு என்று சொல்ல ஒரு துளிதான். ஆனால் வீடு கட்டுவதில் கெட்டிக்காரப் பூச்சி. வளர வளரப் பழைய அறையோடு இன்னொரு அறையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே போகும். எந்தக் குடும்பத்துப் பூச்சி என்று தெரிய முதலில் சுவரைப் பார்க்கவேண்டும். மணலை ஒட்டிக் கட்டியது ஒரு சாதி, பால்போல் கட்டியது ஒரு சாதி, கண்ணாடியாய்க் கட்டியது இன்னொரு சாதி. வெளித்தோற்றத்தை வைத்து எழுதக்கூடாது. பல கோடி வருஷம் மண்ணுக்குள் கிடந்ததில் கண்ணாடி மேல் களிமண் ஒட்டி மணல்போல் நடிக்கும், மணல்மேல் சுண்ணாம்பு படிந்து பால்போல் நடிக்கும். ஊறவைத்துக் கழுவி, அறுத்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் நோட்டில் பேர் ஏறும். தவமணி பெற்ற தாயையே உரசிப் பார்த்துத்தான் நம்புவாள் என்று ஆய்வுக்கூடத்தில் கிண்டல் செய்வார்கள்.

அப்படிப்பட்டவள், அந்தச் சனிக்கிழமை ஒரே பிற்பகலில் நூற்றுப் பதினாலு சுவரையும் நடந்துகொண்டே பார்த்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் மணல், பால், கண்ணாடி என்று எழுதி முடித்தாள். அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. ஊர் முழுக்கப் பின்னால் வந்தது, தலைவர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார், அந்த மரியாதை கொஞ்சம் தலைக்கேறிவிட்டது.

டீக்கடை வாசலில் யாரோ கேட்டார்கள். "ஏன் தவமணி, இந்த மணலு சொவுரு எப்புடிக் கட்டிக்குது?"

"அது சொந்தமா ஒண்ணும் பண்ணாதுங்க. வெளியில கெடக்கறத எடுத்து ஒட்டிக்கும்."

"கண்ணாடி?"

"அது தன் ஒடம்புலேருந்தே சுரந்து கட்டும். பாலும் அப்புடித்தான். ஆனா பாலு உள்ள இருக்கறதக் காட்டாது."

அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் காலையில் ஊருக்குப் புது அகராதி வந்துவிட்டது. கண்ணாடி வீடு மறைக்க ஒன்றும் இல்லாத வீடு. பால் வீடு மானத்தோடு மூடி வைத்திருக்கும் கௌரவமான வீடு. மணல் வீடு ஊரான் பொருளை எடுத்து ஒட்டிக்கொண்ட வீடு. மணல் வீட்டுக்காரர்கள் பதினேழு பேரும் நடந்தால் பார்த்தவர்கள் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பக்கம் போன கோழியைத் துரத்திப் பிடித்து வந்தார்கள். சாமான் காணாமல் போகாத வீடு எந்த ஊரில் இருக்கிறது? பத்து வருஷத்துக்கு முன் தொலைந்த கொலுசுத் திருகிலிருந்து போன மாசம் தொலைந்த டார்ச்லைட் வரை எல்லாவற்றுக்கும் இப்போது விலாசம் கிடைத்தது.

அந்தப் பதினேழில் ஒன்று தவமணியின் அண்ணன் சின்னதுரையின் வீடு. கொல்லை லாரி ரோட்டைப் பார்த்த வீடு. ரோட்டில் நின்றபடியே அதன் சுவரைப் பார்த்து மணல் என்று எழுதியபோது அவள் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை, அதில் உள்ளுக்குள் ஒரு இனிப்பும் இருந்தது. அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது.

பதினோரு வருஷக் கணக்கு அது. அம்மா செத்தது அண்ணன் வீட்டில். உடம்பைக் குளிப்பாட்டும்போது நகையைக் கழற்றினவள் அண்ணி பவுனாம்பாள். அம்மாவின் ஒற்றைச் சிவப்புக்கல் மூக்குத்தி, மரை தேய்ந்துபோனதால் நூல் சுற்றித் திருகிய மூக்குத்தி, முறைப்படி மகளுக்கு வரவேண்டியது. பதினாறாம் நாள் தவமணி கேட்டாள். "ஒம் முந்தானையிலதான முடிச்சுப் போட்டேன், நீ அத்தை மேல வுழுந்து அழுதுகிட்டு இருந்தப்ப?" என்றாள் பவுனாம்பாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். என் முந்தானையில் முடிச்சுப் போட்டால் எனக்குத் தெரியாதா என்று தவமணி கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நல்லது கெட்டதுக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள், ஒருத்தி இலையை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள், பேச்சு மட்டும் இல்லை. அண்ணியின் மூக்கைப் பார்க்காமல் தவமணி ஒரு விசேஷத்திலிருந்தும் வீடு திரும்பியதில்லை.

இப்போது சுவரே சாட்சி சொல்லிவிட்டது. அத்தோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை பவுனாம்பாள் வீட்டு மணல் சுவரில் ஆளுயரத்தில் ஏதோ வெள்ளியாய் மின்னுவதைப் பால்காரர் பார்த்தார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மாரியம்மனின் வெள்ளிக் கண்மலர் காணாமல் போயிருந்தது. மத்தியானத்துக்குள் ஊர் அந்தச் சுவர் முன்னால் நின்றது. பவுனாம்பாள் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று, "வந்து தொட்டுப் பாருங்க, எடுத்துப் பாருங்க, எவன் வேணான்னான்?" என்று கத்தினாள். தொட யாருக்கும் துணிவில்லை. அம்மன் கண் ஆயிற்றே.

பவுனாம்பாள் மகள் மலர்க்கொடிக்குக் கார்த்திகையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து செவ்வாய்க்கிழமை போன் வந்தது. கண்ணாடியோ பாலோ என்றால் பேசலாம், மணல் என்கிறார்கள், அதிலும் சாமி சாமான் என்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஊர் என்ன சொல்கிறதோ அதைக் கேட்டுக்கொண்டு சொல்கிறோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை வாசலில் கூட்டம். அண்ணன் குடும்பத்தை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது என்று பேசி முடித்தாகிவிட்டது, முறைக்குக் கூட்டம் போடவேண்டும், முறைக்கு ஒரு சாட்சி வேண்டும்.

கொளஞ்சியப்பன் தவமணியின் வீட்டுக்கு வந்தார். "அந்த மின்னுறத நீதான் பேத்து எடுத்துக் குடுக்கணும் தவமணி. சொவுரு தெரிஞ்சவ நீ. நாங்க கைய வச்சா ஒருதலையா பண்ணிட்டாங்கன்னுவாங்க."

"என் அண்ணன் வூடு தலைவரே."

"அதாலதான் கேக்கறேன். நீயே எடுத்தேன்னா ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

தவமணி போனாள். உளியும் சுத்தியலும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் எடுத்துக்கொண்டு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, பதினோரு வருஷம் கழித்து அண்ணன் வீட்டுக் கொல்லையில் கால் வைத்தாள். அவளைக் கண்டதும் பவுனாம்பாள் உள்ளே போய்விட்டாள். மலர்க்கொடிதான் வந்து பக்கத்தில் நின்றாள், முகம் வீங்கியிருந்தது.

"அத்தை, நெசமாவே எங்க சொவுரு திருடுதா?"

தவமணி உளியை வைத்து அடித்தாள். மின்னுவதோடு சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு வந்தது. அதை டப்பாவில் போட்டு நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். வெள்ளியை மட்டும் தனியாக எடுத்தால் போதும் என்றுதான் நினைத்தாள். ஆனால் பத்தொன்பது வருஷப் பழக்கம், மேசையில் எது வந்தாலும் கை முதலில் தண்ணீரில்தான் போடும். போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால் மணல் முழுக்கக் கழன்று கிண்ணத்தின் அடியில் கிடந்தது. மாரியம்மன் கண் தண்ணீரில் மிதந்தது. சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் வெள்ளித்தாள். லாரிக்காரர் எவரோ கசக்கி எறிந்தது. ஈரம் காயாத சுவரில் நாலைந்து நாள் ரோட்டுப் புழுதியும் குப்பையும் வந்து அப்பிக்கொண்டிருந்தது, அதுதான் மணல். அதற்குக் கீழே சுத்தமான கண்ணாடி. அறுத்து, தேய்த்து, வெளிச்சத்தில் வைத்தாள். வரிசை வரிசையாக ஊசித்துளைகள், ஒரு மணல் துகள்கூட உள்ளே இல்லை.

இந்த இடத்தில் அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், அண்ணன் மகள் கல்யாணம் பிழைத்தது என்று. வந்தது எரிச்சல்தான். யாராவது ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரை மாற்றியிருப்பார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக் கொடுக்கும் பாடம் இது, மேலே ஒட்டியதைச் சுவர் என்று எழுதாதே என்று. அந்தப் பாடத்திலேயே அவள் கோட்டை விட்டிருக்கிறாள். ஏன் விட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த வீட்டைப் பற்றி பதினோரு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தாள், சனிக்கிழமை அதைப் படியெடுத்தாள், அவ்வளவுதான்.

ஒன்று தப்பென்றால் மற்றது? நோட்டை எடுத்துப் புரட்டினாள். தன் வீட்டுக்கு நேராகப் பால் என்று எழுதியிருந்தது. அறை முளைத்த மறுநாளே புருஷன் கலியபெருமாள் அதற்கு ரெண்டு கை சுண்ணாம்பு அடித்திருந்தார், பொங்கலுக்கு வாங்கி மீந்த சுண்ணாம்பு. சுண்ணாம்புக்குக் கீழே என்ன என்று அவள் பார்க்கவே இல்லை. தன் வீட்டுச் சுவரைப் பால் என்று எழுத யார்தான் யோசிப்பார்கள்?

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கொல்லைச் சுவரில் உளியை வைத்தாள். வெள்ளை உதிர்ந்தது. கீழே மணல். குடைந்தாள், மணல். இன்னும் குடைந்தாள், உள்விளிம்பு வரை மணல், ஊறவைத்தாலும் கழுவினாலும் கரையாத அசல் மணல் சுவர். உருப்பெருக்கி தேவைப்படவில்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது: அவள் உடைத்த வளையல் துண்டு, சீப்புப் பல், பருத்திக்கொட்டை, மகன் சின்ன வயதில் விழுங்கிவிட்டான் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய சட்டைப் பொத்தான். எல்லாம் இந்தக் கொல்லையில் விழுந்து இந்த மண்ணில் புதைந்தவை. மணல் சுவர்ப் பூச்சி எட்ட இருப்பதை எடுக்கப் போகாது, அதற்கு எட்டுவது தன் காலடிதான். அவளுக்கு அது நன்றாகத் தெரியும், டீக்கடையில் சொல்லத்தான் விட்டுப்போயிருந்தது.

அப்புறம் சிவப்பாக ஒன்று கண்ணில் பட்டது. உளியைக் கீழே போட்டுவிட்டு, தூரிகையைத் தண்ணீரில் தொட்டு, அதைச் சுற்றியிருந்த மணலை ஒவ்வொன்றாக விலக்கினாள். ஒற்றைக் கல். தேய்ந்த மரையில் சுற்றிய நூல். அதைப் பொதிந்து, மக்கி மண்ணாகப் போகும் நிலையில், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு விரற்கடைத் துணி, முடிச்சோடு.

அம்மாவைக் கொண்டுபோன அன்று அவள் கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறப் புடவை. தலை முழுகிவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு வந்து, இதே கொல்லையில் அவிழ்த்துப் போட்டாள். சாவுக்குக் கட்டிய புடவை என்று அதை எடுத்து மடிக்காமல், மழையிலும் வெயிலிலும் மக்கட்டும் என்று அங்கேயே விட்டதும் நினைவு வந்தது. தவமணி மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அம்மாவுக்காக அழுதாளா, அண்ணிக்காக அழுதாளா, பதினோரு வருஷம் ஒரு மூக்கையே பார்த்துக்கொண்டிருந்த தன் கண்ணுக்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கலியபெருமாள் வந்து பார்த்தார். பார்த்ததும் முதலில் வெளிக்கதவைச் சாத்தினார்.

"மூடு அத. மறுபடி ஒரு கை சுண்ணாம்பு அடிச்சுப்புடறேன். ஒங்க அண்ணன் வூடு கண்ணாடின்னு சொல்லிட்டு வந்துடு, போதும். நம்ம கதைய ஏன் இழுக்கற?"

"எப்புடிப் பாத்தேன்னு கேப்பாங்க. அறுத்துப் பாத்தேன்னு சொன்னா, ஒன் வூட்ட அறுத்தியான்னு அண்ணி கேப்பா."

"கேட்டா பாலுன்னு சொல்லு."

"இன்னொரு தடவ தப்பா எழுத முடியாதுங்க" என்றாள் தவமணி.

ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை வாசலில் ஊர் கூடியது. பவுனாம்பாள் புருஷனுக்கும் மகளுக்கும் நடுவில், வெயிலில், ஒதுங்கி நின்றாள். தவமணி முதலில் வெள்ளித்தாளை எடுத்துக் காட்டினாள். பிறகு கண்ணாடிச் சில்லைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தாள், கடைவாசல் தரையில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தது. "எங்க அண்ணன் வூடு கண்ணாடி. மேல ஒட்டியிருந்தது லாரிப் புழுதி. பாக்காம எழுதினேன், தப்பு என்னோடது." நோட்டைத் திறந்து ஒரு வரியை அடித்தாள். கீழே போய் இன்னொரு வரியை அடித்தாள். "மணலு என் வூடுதான். பதினோரு வருஷமா அண்ணி எடுத்துட்டாங்கன்னு சொன்ன மூக்குத்தி என் சொவுருக்குள்ள இருந்துச்சு. அவங்க என் முந்தானையிலதான் முடிச்சுப் போட்டுருக்காங்க. எனக்குத் தெரியல."

பவுனாம்பாள் வெயிலை விட்டு நிழலுக்கு வந்து நின்றாள்.

"மத்த வூடும் எப்புடின்னு எனக்குத் தெரியாது" என்றாள் தவமணி. "எல்லாத்தயும் ஒரு சில்லு வெட்டி, ஊற வச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். நாளைக்கே ஆரம்பிக்கறேன். தலைவரே, ஒங்க வூட்டுலேருந்து ஆரம்பிக்கவா?"

கொளஞ்சியப்பனின் வீடு பால். அவர் கையால் முகத்தைத் துடைத்தார். கண்ணாடி வீட்டுக்காரர்கள் பால் வீட்டுக்காரர்களைப் பார்த்தார்கள், பால் வீட்டுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள், யார் சுவருக்குள் எது ஒட்டிக்கொண்டிருக்குமோ, வெட்டினால் எது எட்டிப் பார்க்குமோ, யாருக்குத் தெரியும்? நல்ல சுவரை எதற்கு வெட்டவேண்டும், மழைக்காலத்தில் ஒழுகும் என்று ஒருவர் சொன்னார். வெங்காயம் அழுகிவிடும் என்றார் இன்னொருவர். அம்மன் கண்மலர் கிடைக்காமலேயே கூட்டம் கலைந்தது. அன்று மாலையே கடைத்தெருவில் சுண்ணாம்பு தீர்ந்துபோனது. மறுநாள் விடிவதற்குள் நூற்றுப் பதிமூணு அறையும், கண்ணாடியும் மணலும் தெரியாமல், ஒன்றுபோல வெளுத்திருந்தது. குழியை மூடாமல் கறுப்பாக நின்றது தவமணி வீட்டுச் சுவர் ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது, தேதியில் மாற்றம் இல்லை என்று.

தவமணி மூக்குத்தியைக் கழுவி ஒரு வெற்றிலையில் வைத்து அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். பவுனாம்பாள் கதவைத் திறந்து, நாத்தனாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் அண்ணி. மலரு போட்டுக்கட்டும்."

பவுனாம்பாள் மூக்குத்தியை எடுத்துக் கல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், மரையைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள், அதேதானா என்று பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள். எதிர்வீட்டுக்காரி வந்தாள், பால்காரர் சைக்கிளை நிறுத்தினார், நாலு பேர் சேர்ந்தார்கள். எல்லாரும் பார்க்க, தவமணியின் முந்தானையை இழுத்து, நுனியில் மூக்குத்தியை வைத்து, ஒரு முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள். பல்லால் கடித்து இறுக்கினாள்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது அண்ணி."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"மலருக்கு நான் வேற செஞ்சிருக்கேன். இது ஒன்னோடது. போ."

தவமணி நடந்தாள். பத்தடிக்கு ஒரு தரம் முந்தானை நுனியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், முடிச்சு இருந்தது. தெருமுனையில் திரும்பிப் பார்த்தாள். பவுனாம்பாள் இன்னும் வாசலிலேயே நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் முந்தானையையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.